நீட் எழுதிய பிள்ளையை எங்கே அனுப்பலாம்? குமரி மாவட்டத்தில் இருக்கிற வழிகள், ஒரு ஒப்பீடு

மே மாதம் முதல் ஞாயிறு நீட் முடிந்தால் மறுநாளே எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "டீச்சர், பரீட்சை எழுதியாச்சு, ரிசல்ட் வர ஒரு மாசம் ஆகும், கவுன்சலிங்குக்கு அதுக்கு மேலயும் ஆகும், பையன் போனையே பாத்துக்கிட்டுக் கிடக்கான், ஏதாவது ஆஸ்பத்திரியில கொண்டு விடலாமா?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். பிள்ளைகள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது வேறு. போன வருடம் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், ரத்தம் பாத்தா எனக்குத் தலை சுத்துமான்னே தெரியல. அஞ்சரை வருஷம் படிக்கப் போறதுக்கு முன்னாடி அதைத் தெரிஞ்சுக்க வேண்டாமா?"

அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் 22 வருடமாக விலங்கியல் எடுக்கிறேன், என் மகளும் இதே வழியில்தான் போனாள், அதனால் எந்த இடத்துக்குப் போன பிள்ளை என்ன கற்றுக்கொண்டு வந்தது என்று ஓரளவு பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று: இதற்கு மார்க் கிடையாது

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். இடம் 720 மதிப்பெண்ணுக்கு எழுதும் நீட் தேர்வின் ரேங்கை வைத்துத்தான் கிடைக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020 முதல் தமிழ்நாடு தருகிற 7.5 சதவீத இடங்களும் நீட் மதிப்பெண் வரிசைப்படிதான் நிரம்புகின்றன. முதியோர் இல்லத்தில் ஆறு மாதம் சேவை செய்த சான்றிதழைக் கவுன்சலிங்கில் நீட்டினால் அதை வாங்கி வைக்கக்கூட யாரும் இல்லை. ஆகவே "சர்டிபிகேட் கிடைக்குமா?" என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. நம் மாவட்டத்தில் அப்பாவோ அம்மாவோ நர்ஸாக இங்கிலாந்தில் இருக்கிற குடும்பங்கள் நிறைய, அங்கே சேர வேண்டிய பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இங்கேயே அனுபவம் தேடுகிறார்கள். பிரிட்டனில் மருத்துவப் படிப்புக்கு அக்டோபர் 15-க்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், 2026-ல் சேர்கிறவர்களிலிருந்து விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை மூன்று கேள்விகளாகப் பிரிந்துவிட்டது, அதில் ஒன்று படிப்புக்கு வெளியே என்ன செய்து உங்களைத் தயார்படுத்திக்கொண்டீர்கள், அது எப்படிப் பயன்பட்டது என்பதே. அப்புறம் நேர்முகத் தேர்விலும் தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். ஆனால் அவர்களும் ஆபரேஷன் தியேட்டரில் நின்றிருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. வயதானவர்களையோ இயலாதவர்களையோ பார்த்துக்கொண்ட அனுபவத்தை அங்குள்ள கல்லூரிகள் நன்றாகவே மதிக்கின்றன. அமெரிக்கா என்றால் முதலில் ஒரு இளங்கலைப் பட்டம் வேண்டும், விண்ணப்பத்தில் 15 அனுபவங்கள் வரை எழுத இடம் உண்டு, அது இன்னும் நீண்ட பாதை.

மார்க் இல்லையென்றால் இங்கே படிக்கப் போகிறவர்கள் எதற்குப் போக வேண்டும்? நாலரை வருடப் படிப்பு, அதோடு ஒரு வருடப் பயிற்சி. நோயாளி பக்கத்தில் ஒரு மணி நேரம் கூட நின்று பார்க்காமல் அதற்குள் இறங்கி, இரண்டாம் வருடத்தில் வார்டுக்குப் போனபோது "இது எனக்கு ஆகாது" என்று அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். வீட்டில் சொல்லவும் முடியாமல், விடவும் முடியாமல் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன். ஒன்று, பிள்ளை அங்கே சுவரோரம் நிற்குமா, கையால் ஏதாவது செய்யுமா. இரண்டு, ஒரே நோயாளியைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடியுமா, ஏனென்றால் ஒரு நாள் பார்த்தால் நோய் தெரியும், நாலு வாரம் பார்த்தால்தான் மனிதர் தெரிவார். மூன்று, சாயங்காலம் வந்து மனதில் இருப்பதைக் கொட்ட, சந்தேகம் கேட்க அங்கே ஒரு ஆள் உண்டா. நான்கு, பஸ் கூலி முதல் நோய்த்தொற்று வரை, கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன. ஐந்து, படிப்புக்கான நேரத்தை எவ்வளவு தின்னும். மறுபடி நீட் எழுதப் போகிற பிள்ளைக்கு இந்த ஐந்தாவதுதான் முதல் இடத்துக்கு வரும்.

டாக்டரின் பெயர், கட்டடத்தின் பெரிசு, ஏசி இதெல்லாம் என் கணக்கில் வராது.

தெரிந்த டாக்டரின் கிளினிக்

பெரும்பாலான வீடுகளில் முதலில் தோன்றுவது இதுதான். மாமாவின் நண்பர் ஒருவர் மார்த்தாண்டத்தில் கிளினிக் வைத்திருப்பார், ஒரு போன் போட்டால் சரி என்பார். பிள்ளை ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாயங்காலம் 5 மணி முதல் 9 மணி வரை காய்ச்சல், சர்க்கரை, முட்டுவலி என்று வருகிறவர்களைப் பார்க்கும்.

இதில் நல்லது, ஒரு டாக்டரின் நாள் எப்படிப் போகிறது என்பது அப்படியே தெரியும். எத்தனை பேர் ஒரே கேள்வியைக் கேட்பார்கள், ஒருவருக்கு மூன்று நிமிடம்தான் ஒதுக்க முடிகிறபோது எதைக் கேட்டு எதை விடுவது, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு "டாக்டரே, இவ்வளவும் வாங்கணுமா?" என்று தயங்குகிறவரிடம் என்ன சொல்வது, இதெல்லாம் புத்தகத்தில் கிடையாது. நல்ல டாக்டராக இருந்தால் கடைசி நோயாளி போன பிறகு பத்து நிமிடம் உட்கார வைத்துப் பேசுவார், அந்தப் பத்து நிமிடம் தங்கம்.

குறை என்னவென்றால் பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலையும் இராது. மூன்றாவது நாள் கொட்டாவி வரும். இன்னொன்று, பெண் நோயாளி உள்ளே வந்ததும் ஓரத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுப் போவார். ஒவ்வொருவரிடமும் "இந்தப் பிள்ளை இங்கே இருக்கலாமா?" என்று டாக்டர் கேட்க வேண்டும், கேட்கிறாரா என்று பாருங்கள். ஊருக்குள் இருக்கிற கிளினிக் என்றால் வருகிறவர் பக்கத்து வீட்டுக்காரராகவே இருப்பார், அவருக்கு என்ன நோய் என்பது உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சாக வரவே கூடாது. இதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லி அனுப்புங்கள்.

ஒரு வாரம் போதும். அதற்கு மேல் அங்கே நின்று புதிதாகக் கிடைப்பது குறைவு.

ஆசாரிப்பள்ளமும் மற்ற அரசு மருத்துவமனைகளும்

கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி ஆசாரிப்பள்ளத்தில் 2001-ல் தொடங்கியது, நம் பிள்ளைகளில் பலர் படிக்க ஆசைப்படுகிற இடமும் அதுவே. அங்கே வார்டுக்குள் வெளியாள் மாணவரைச் சேர்ப்பது எளிதல்ல, அப்படி இருப்பதும் நியாயம்தான், ஏனென்றால் அங்கே ஏற்கெனவே எம்.பி.பி.எஸ்., நர்சிங் மாணவர்கள் ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் நிற்கிறார்கள். கல்லூரி முதல்வர் (டீன்) அலுவலகத்தில் கடிதம் கொடுத்துக் கேட்கலாம், கிடைக்கவில்லையென்றால் மனம் விட வேண்டாம்.

என் மாணவர்களுக்குக் கைகொடுத்தது புறநோயாளி பகுதி. வயதானவர்களுக்குச் சீட்டு எடுத்துக் கொடுப்பது, எக்ஸ்ரே அறைக்கு வழி காட்டுவது, சக்கர நாற்காலி தள்ளுவது, இந்த வேலைகளை நாட்டு நலப்பணித் திட்டம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் வழியாகப் பள்ளியிலிருந்து கடிதத்தோடு போய்ச் செய்தார்கள். பார்க்கச் சின்ன வேலை, ஆனால் பேச்சிப்பாறைக்கு மேலே மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் மதியம் வரை வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற காணிக்காரப் பழங்குடிப் பாட்டியைப் பார்த்த பிள்ளை, நோய் என்பது உடம்போடு மட்டும் முடிகிற காரியம் இல்லை என்பதை அன்றைக்கே புரிந்துகொண்டுவிடும்.

உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம் இன்னும் நல்ல இடம். கூட்டம் குறைவு, மருத்துவ அலுவலருக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் பேச நேரம் உண்டு. தடுப்பூசி நாள், கர்ப்பிணிகள் பரிசோதனை நாள் என்று தெரிந்துகொண்டு அந்தந்த நாள் போனால் கூட்டத்தை ஒழுங்குபடுத்த, அட்டையில் பெயர் எழுத என்று வேலையும் கிடைக்கும்.

மறைந்த செலவு நோய்த்தொற்று. புறநோயாளி கூட்டத்தில் இருமுகிறவர் பக்கத்தில்தான் நிற்க வேண்டிவரும். நல்ல முகக்கவசம் போடச் சொல்லுங்கள். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் குழந்தையாக இருக்கும்போது போட்டிருக்கிறதா என்று பழைய அட்டையை எடுத்துப் பாருங்கள், இல்லையென்றால் இப்போது தொடங்கினாலும் மூன்றாவது ஊசிக்கு ஆறு மாதம் ஆகும், எனவே பதினொன்றாம் வகுப்பிலேயே பார்த்துவிடுவது நல்லது.

மிஷன் ஆஸ்பத்திரி

நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது 1838-ல். நாகர்கோவில் வடசேரியில் சால்வேஷன் ஆர்மியின் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியும் நூறு வருடம் கடந்தது. நெய்யூர் என்றால் எனக்கு எப்போதும் சாமர்வெல் நினைவுதான் வரும். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்த அறுவை மருத்துவர் அவர். அது முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூருக்கு வந்தார், வெளியே காத்துக் கிடந்த கூட்டத்தையும் உள்ளே தனியாகத் திணறிக்கொண்டிருந்த சர்ஜனையும் பார்த்தார், லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய்த் திரும்பியதும் நெய்யூருக்கே. திங்கள்நகர் வழியாக பஸ்ஸில் போகிற நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியவே தெரியாது, வகுப்பில் நான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். நேரில் போய்ப் பார்ப்பது ஒருவரின் முடிவை என்ன செய்யும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இருக்கிற சாட்சி அது.

மிஷன் ஆஸ்பத்திரிகளில் கேட்பது சற்று எளிது. பங்கு ஆலயத்திலிருந்தோ பள்ளியிலிருந்தோ ஒரு கடிதம், நிர்வாகியிடம் நேரில் ஒரு பேச்சு. பெரும்பாலும் நர்சிங் கண்காணிப்பாளரிடம் ஒப்படைப்பார்கள், அது மிக நல்லது, ஏனென்றால் வார்டு நர்சு நாள் முழுக்க நோயாளியோடு இருக்கிறவர், படுக்கை விரிப்பது, சாப்பாடு ஊட்டுவது, குடித்த தண்ணீரை அளந்து எழுதுவது என்று பிள்ளைக்கு வேலை கொடுப்பார். வேலூர் சி.எம்.சி.க்கு சபைகளின் வழியாகப் போக நினைக்கிறவர்களுக்கு, படிப்பு முடிந்து இப்படிப்பட்ட ஆஸ்பத்திரியில்தான் ஒப்பந்தப்படி பணி செய்ய வேண்டியிருக்கும் என்பதால், அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்கவும் இது வழி. அந்த வழிக்கும் நீட் உண்டு.

வீடு தேடிப் போகும் பாலியேட்டிவ் குழு

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் என்னைக் கேட்டால் இதுதான் முதல் தேர்வு.

முற்றிய புற்றுநோய், பக்கவாதம், முதுகெலும்பு அடிபட்டுப் படுக்கையானவர்கள், இவர்களுக்கு வீட்டுக்கே போய் வலியைக் குறைத்து, புண்ணைக் கழுவிக் கட்டி, வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்து வருவது பாலியேட்டிவ் நர்சின் வேலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லாருக்கும் தெரியும், அதே திட்டத்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பாலியேட்டிவ் நர்சும் பிசியோதெரபிஸ்டும் வீடு வீடாகப் போகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நம் மாவட்டத்தில் ஒன்பது வட்டாரங்கள். உங்கள் வட்டார மருத்துவ அலுவலரைப் பார்த்து, வாரம் ஒரு நாள் கூடப் போக அனுமதி கேளுங்கள்.

விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. கேரளத்தில் இது ஊர்மக்கள் இயக்கமாகவே வளர்ந்த ஒன்று, 2008-ல் நாட்டிலேயே முதலாவதாக இதற்கென்று அரசுக் கொள்கை கொண்டுவந்த மாநிலம் அது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-ல் தொடங்கிய பாலியம் இந்தியா என்ற பாலியேட்டிவ் அமைப்பு திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்த பிறகே நோயாளி வீட்டுக்கு அழைத்துப் போவது அங்குள்ள பாலியேட்டிவ் அமைப்புகளின் வழக்கம். களியக்காவிளை தாண்டிப் போய் வரத் தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே போகும், மலையாளம் பேச வேண்டும், இரண்டும் முடிகிறவர்களுக்கு அது நல்ல பள்ளிக்கூடம்.

என் மாணவன் ஒருவன் இப்படி நர்சோடு போனான். முதல் வீடு ஒரு ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி, வாயில் புற்று, கன்னத்தில் புண். நர்சு நாற்பது நிமிடம் அந்தப் புண்ணைக் கழுவினார், இவன் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த வாடையோடு வீட்டுக்கு வந்தவன் ராத்திரி சாப்பிடவில்லை, அவன் அம்மா என்னைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். அடுத்த வாரம் அவனாகவே போனான். மூன்றாவது வாரம் அந்த மனிதர் இவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தன் மகன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் படித்துக் காட்டச் சொன்னார். அதைப் படித்துக் காட்டியது மட்டுமே அன்றைக்கு அவன் செய்த வேலை. வலி மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தாலும் அந்த வீட்டில் ராத்திரி எழுப்பிக் கொடுக்க ஆள் இல்லை, மனைவி அதிகாலை மூன்று மணிக்கே பால் வெட்டப் போய்விடுவார் என்பதைக் கண்டுபிடித்து நர்சிடம் சொன்னதும் அவன்தான். மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்தார்கள்.

இந்த ஒன்றில்தான் என் ஐந்து அளவுகோலில் முதல் மூன்றும் முழுதாக நிறைகின்றன. கையால் செய்ய வேலை உண்டு, அதே நோயாளியைத் திரும்பப் பார்க்கலாம், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் வண்டியில் நர்சிடம் பேசலாம். நேரமும் வாரம் ஒரு நாள்தான்.

மறைந்த செலவு மனசு. பார்க்கப் போன மனிதர் ஒரு வாரம் இல்லாமல் போவார். சமீபத்தில் வீட்டில் ஒரு சாவைப் பார்த்த பிள்ளையை இப்போது இங்கே அனுப்பாதீர்கள், ஒரு வருடம் போகட்டும். போகிற பிள்ளையிடம் அன்றன்று ராத்திரி வீட்டில் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். பேச ஆள் இல்லாத வீடு என்றால் இந்த வழி வேண்டாம் என்றே சொல்வேன்.

முதியோர் இல்லம், சிறப்புக் குழந்தைகள் இல்லம்

பிள்ளைகள் வெளிநாட்டில், அப்பா அம்மா இல்லத்தில், இது நம் மாவட்டத்தில் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிற நிலைமை. இல்லங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும், அனுமதி எளிது, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் போய் வரலாம். பிறந்தநாளுக்குச் சாப்பாடு கொடுத்துப் போட்டோ எடுக்க வருகிறவர்கள் அங்கே நிறைய, உட்கார்ந்து நகம் வெட்டிவிட வருகிறவர்கள் குறைவு, ஆகவே தொடர்ந்து வருகிற பிள்ளையை அவர்கள் விடவே மாட்டார்கள்.

மருத்துவம் என்று பார்க்கக் கிடைப்பது குறைவு. சர்க்கரை பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, விழாமல் நடக்க வைப்பது, அவ்வளவே. ஆனால் ஒன்றையே நான்காம் முறையாகச் சொல்கிற மறதிக்காரப் பெரியவரிடம் முகம் சுளிக்காமல் உட்கார முடிகிறதா என்பது தெரிந்துவிடும், மருத்துவருக்கு அது சின்னத் தகுதி அல்ல. பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒரு வருடம் வாரம் தவறாமல் போன இந்த அனுபவம், மூன்று நாள் ஆபரேஷன் பார்த்ததைவிட நன்றாகப் பேசும்.

சம்பளத்துக்கு வேலை: லேப், ரிசப்ஷன், மெடிக்கல் ஷாப்

வீட்டுக்குப் பணம் தேவைப்படுகிற பிள்ளைகளிடம் இலவசமாகச் சேவை செய்யச் சொல்வது எனக்குச் சங்கடம். ஆஸ்பத்திரி ரிசப்ஷன், லேப் வரவேற்பு, ஸ்கேன் சென்டரில் பதிவு எழுதுவது, இவை சம்பளமும் தரும், பயந்து வருகிற மனிதரிடம் பேசவும் சொல்லித்தரும். மெடிக்கல் ஷாப்பில் கணக்கு, சரக்கு அடுக்குவது வரை சரி. மருந்தைச் சீட்டுப்படி எடுத்துக் கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநர் செய்ய வேண்டியது, சட்டம் அப்படி, கடைக்காரர் "சும்மா எடுத்துக் குடு மக்கா" என்றாலும் பிள்ளை செய்யக் கூடாது.

இதைவிடக் கவலை தருவது சிறிய தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆள் பற்றாக்குறைக்குப் பிள்ளையை நர்சு வேலைக்கு இழுப்பது. என் மாணவன் ஒருவனை ஓர் இடத்தில் இரண்டாம் வாரமே டிரிப் ஊசியை உருவச் சொன்னார்கள், கையுறை கூட இல்லை, ஊசி விரலில் குத்திவிட்டது. பயந்து இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஊசி குத்தினால் உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துக் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பரிசோதனை முடிவுகள் எல்லாம் வரும்வரை அந்த வீடு தூங்கவில்லை. எந்த இடத்துக்குப் போனாலும் ஊசி, ரத்தம், மருந்து மூன்றையும் தொட மாட்டேன் என்று பிள்ளை வாய் திறந்து சொல்லப் பழக வேண்டும்.

ஆசான் வைத்தியசாலை

சித்தா, ஆயுர்வேதம் யோசிக்கிறவர்களுக்கு மட்டும். அதற்கும் நீட் வேண்டும், கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியும் இருக்கிறது. நம் பக்கத்து வர்ம ஆசான்களிடம் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது, எண்ணெய் காய்ச்சுவது பார்க்கலாம், 108 வர்மம் என்று கணக்குச் சொல்லி ஒவ்வொன்றாகக் காட்டித் தருகிறவர்களும் உண்டு. உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள், அவசரக்காரர்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

பணம் கட்டிச் சேரும் இன்டர்ன்ஷிப்

ஆன்லைனில் இரண்டு வாரம், சான்றிதழ் உண்டு, சில ஆயிரம் ரூபாய் என்று விளம்பரம் வரும். வேண்டாம். இங்கே சேர அது உதவாது, வெளிநாட்டு நேர்முகத் தேர்வில் இரண்டு கேள்விக்கு மேல் தாங்காது.

ஒரே பார்வையில்

| வழி | கையால் செய்ய வேலை | அதே நோயாளியை மறுபடி பார்ப்பது | மறைந்த செலவு | எவ்வளவு காலம் |
|---|---|---|---|---|
| தெரிந்த டாக்டர் கிளினிக் | இல்லை | எப்போதாவது | நோயாளியின் அந்தரங்கம் | ஒரு வாரம் |
| அரசு ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம் | கொஞ்சம் | குறைவு | நோய்த்தொற்று, காத்திருப்பு | இரண்டு முதல் நாலு வாரம் |
| மிஷன் ஆஸ்பத்திரி | உண்டு | சில நாட்கள் | நாள் முழுக்க நிற்பது | ஒரு மாதம் |
| பாலியேட்டிவ் குழு | உண்டு | நிச்சயம் | மனப் பாரம் | வாரம் ஒரு நாள், மூன்று மாதம் |
| முதியோர் இல்லம் | நிறைய | நிச்சயம் | பொறுமை, பாதியில் விட்டால் அவர்கள் வருத்தம் | வாரம் இரண்டு மணி நேரம், ஒரு வருடம் |
| சம்பள வேலை | உண்டு | இல்லை | வரம்பு மீறிய வேலை, படிப்பு நேரம் | தேவை இருக்கும் வரை |

யாருக்கு எது

நீட் முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கு மே, ஜூன் முழுசாகக் கையில் இருக்கிறது. முதல் வாரம் கிளினிக், அப்புறம் ஒரு மாதம் மிஷன் ஆஸ்பத்திரியோ ஆரம்ப சுகாதார நிலையமோ, நடுவில் வாரம் ஒரு நாள் பாலியேட்டிவ். என் மகளுக்கு நாங்கள் செய்தது இதுதான்.

மறுபடி எழுதுகிறவர்களுக்கு முதியோர் இல்லம் மட்டும், ஞாயிறு மட்டும். 180 கேள்வியை 180 நிமிடத்தில் முடிக்க வேண்டிய பரீட்சை அது, பயிற்சி நேரத்தைக் குறைத்துச் சேவைக்குப் போவதை நான் சொல்ல மாட்டேன். வயது உச்சவரம்பு 2022-ல் எடுக்கப்பட்டுவிட்டாலும் அதற்காக வருடங்களை இழுத்துக்கொண்டே போகவும் வேண்டாம்.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதலுதவிப் பயிற்சியில் தொடங்கலாம். 18 வயது முடிந்து 45 கிலோ எடை இருந்தால் ரத்ததானம் செய்யலாம், அதுவரை முகாமில் வருகிறவர்களுக்குப் படிவம் எழுதிக் கொடுக்கலாம், பழச்சாறு கொடுத்துப் பத்து நிமிடம் உட்கார வைக்கலாம்.

டாக்டரா, வேறு ஏதாவதா என்று குழம்புகிறவர்கள் நர்சும் பிசியோதெரபிஸ்டும் வேலை செய்வதைப் பார்க்கிற இடத்துக்குப் போங்கள். பக்கவாதம் வந்த மீனவர் ஒருவரை பிசியோதெரபிஸ்ட் இரண்டு மாதத்தில் தூத்தூர்க் கடற்கரையில் நடக்க வைத்ததைப் பார்த்துவிட்டு, நீட்டை விட்டுவிட்டு பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பில் சேர்ந்த மாணவி எனக்கு உண்டு. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்ந்தாள். அவள் அப்பா இரண்டு வருடம் என்னிடம் பேசவில்லை, இப்போது பேசுகிறார்.

கேட்கப் போகும்போது

பிள்ளையே போய்க் கேட்கட்டும், அப்பா கேட்க வேண்டாம். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை வாரம் என்று எழுதிய ஒரு பக்கக் கடிதம், பள்ளியின் கையெழுத்து, 18 வயது ஆகவில்லையென்றால் பெற்றோர் சம்மதம். "என்ன வேலை கொடுத்தாலும் செய்கிறேன்" என்று எழுதாதீர்கள், "நோயாளிகளுக்கு வழிகாட்டவும், படுக்கையில் இருப்பவர்களுக்கு உதவவும் விரும்புகிறேன், சிகிச்சை சம்பந்தப்பட்ட எதையும் செய்ய மாட்டேன்" என்று எழுதுங்கள், அப்போதுதான் பொறுப்பில் இருக்கிறவருக்கும் நிம்மதி. பெண் பிள்ளைகளுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை, ஆகவே தூரத்தைக் காரணம் காட்டி மறுக்காதீர்கள், இருட்டுவதற்குள் திரும்பும் நேரமாக மட்டும் பார்த்து வாங்குங்கள்.

போனை உள்ளே எடுக்கக் கூடாது. ஒரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும், ராத்திரி வந்து பெயர், ஊர் எதுவும் இல்லாமல், இன்று என்ன பார்த்தேன், எது புரியவில்லை, எதற்குப் பயந்தேன் என்று அரைப் பக்கம். இங்கிலாந்து நேர்முகத் தேர்வுக்கும் அந்த நோட்டைத்தான் புரட்டுவார்கள்.

முதலில் சொன்னேனே, தலை சுற்றுமா என்று கேட்ட மாணவி, அவளை ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புண் கட்டும் அறைக்குக் கேட்டு அனுப்பினேன். முதல் நாள் தலை சுற்றி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், நர்சு தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். இரண்டாம் நாள் கதவருகே நின்றாள். ஐந்தாம் நாள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். நீட்டில் அந்த வருடம் மதிப்பெண் போதவில்லை, மறுபடி எழுதப் படிக்கிறாள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு முதியோர் இல்லத்தில் சர்க்கரை பார்க்கிற நர்சுக்குத் துணையாகப் போய், ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுகிறாள்.